கிணற்றடித் தெருவில் நான் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி

போன மாதம் என் போன் சாம்பாரில் விழுந்தது.

கடைசி மகனின் கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசி முடிக்கப் போயிருந்தேன். ருசி பார்க்கச் சொல்லி அண்டாவின் மூடியைத் திறந்தார். குனிந்தேன். சட்டைப் பையிலிருந்த போன் என்னை முந்திக்கொண்டு ருசி பார்த்துவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் அதைப் பிரித்து, உள்ளேயிருந்து ஒரு துவரம்பருப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஒரு வாரம் ஆவும் சார்" என்றார்.

ஒரு வாரமா? மறுநாளே நான் திண்டிவனம் போயாக வேண்டும். பத்திரிகை வைக்க.

எங்கள் பக்கத்தில் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினால் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். ஆனால், அப்படி அனுப்பியதைப் பற்றி இருபது வருடம் பேசுவார்கள். நேரில் போக வேண்டும். தட்டில் வெற்றிலைபாக்கு வைத்து, குங்குமம் கொடுத்து, 'குடும்பத்தோட வந்துடணும்' என்று சொல்ல வேண்டும். அதுதான் அழைப்பு. திண்டிவனத்தில் எங்களுக்கு ஏழு வீடு. ஏழும் ஏழு மூலையில். சாதாரணமாக இதற்குக் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் போவார்கள். என் மனைவி சாரதாவுக்கு முழங்கால் வலி. அதனால் நான் மட்டும்.

"இன்னாங்க, போன் இல்லாம எப்டிப் போவீங்க? பஸ் ஸ்டாண்டுல எறங்கினா உங்களுக்குக் கிழக்கு எது மேற்கு எதுன்னு தெரியாதே" என்றாள்.

"நான் சரித்திரத்தில் எம்.ஏ.!"

"அதான் சொல்றேன். பூகோளம் இல்லையே."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அலமாரியைக் குடைந்து, எப்போதோ விழுப்புரம் ரயில் நிலையம் பக்கத்தில் பிளாட்பாரக் கடையில் வாங்கிய ஒரு காகிதத்தை எடுத்தேன். 'திண்டிவனம் நகர வரைபடம் – கையடக்கப் பதிப்பு.' மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கும். விரித்தால் ஒரு துண்டு அகலம். திரும்ப மடிப்பது மட்டும் மனிதனால் ஆகாத காரியம்.

மஞ்சள்பையில் பத்திரிகைகள். சட்டைப் பையில் வரைபடம். காதில் ஒரு சிவப்புப் பென்சில். கையில் ஏழு பேரின் பெயரும் கதவு எண்ணும் எழுதிய பட்டியல். கிளம்பினேன்.

இந்த நான்கு பொருள்களையும் வரிசையாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? எனக்குத் தோன்றவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வரைபடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாடம் செய்யத் தொடங்கினேன். பக்கத்தில் ஒரு பெரியவர். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். என்னைப் பார்த்துவிட்டு, அவரும் கவரிலிருந்து எக்ஸ்ரேயை உருவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் இருவரும் அவரவர் படத்தைப் பார்த்தபடி வந்தோம். பிறகு அவர் என் படத்தில் ஒரு சந்தைத் தொட்டு, அனுதாபமாகக் கேட்டார்.

"உங்களுக்கு எங்க சார் அடைப்பு?"

"திண்டிவனத்தில்" என்றேன். வேறு என்ன சொல்ல?

வரைபடத்தை வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிப்பதில் ஒரு சிரமம் இருக்கிறது. போனில் நீங்கள் ஒரு நீலப் புள்ளி. நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். காகிதத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். வரைபடத்தின் அடியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கெஜம் என்று போட்டிருந்தது. தெருமுனையில் நின்று, படத்தை முழங்கை நீட்டிப் பிடித்து, கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணைத் திறந்து, ஆகாத கண்ணை மூடி, தெருவையும் படத்தையும் பொருத்துவேன். பிறகு வாய்விட்டு எண்ணிக்கொண்டே அடிவைத்து நடப்பேன். எண்பத்தொன்று, எண்பத்திரண்டு… நின்று, பென்சிலால் குறிப்பேன்.

பலித்தது ஐயா! மதியத்துக்குள் ஆறு வீடு முடிந்தது. நடுவில் ஒரு சினிமா தியேட்டர் மட்டும் கல்யாண மண்டபமாக மாறிப்போய் என்னைக் கொஞ்சம் அலைக்கழித்தது. அதனால் என்ன?

ஏழாவது வீடு கதிரேசன். என் பெரியம்மா மகளின் பையன். என்னை மாமா என்று கூப்பிடுவான். பிரம்மதேசம் கிராமத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகக் கிணற்றடித் தெருவில் குடியிருக்கிறான். பட்டியலில் 'புதிய எண் பதினேழு, பழைய எண் பதினான்கு' என்று இருந்தது.

கிணற்றடித் தெருவில் கிணறு இல்லை. தெருவே பாதிதான் இருந்தது. மீதிப் பாதியை இரண்டு பக்கத்துப் படிக்கட்டுகளும் எடுத்துக்கொண்டிருந்தன. முனையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். எண்ணிக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் நின்று, "பழைய நம்பர் என்னங்க?" என்று கேட்டேன். சொன்னார்கள். சொல்லிவிட்டு உள்ளே போய் வேறு யாரையோ கூட்டிவந்தார்கள்.

கதிரேசன் வீடு பூட்டியிருந்தது. பூட்டிய கதவிடுக்கில் பத்திரிகையைச் செருகிவிட்டு வருவது பெரிய அவமரியாதை. இன்னொரு நாள்தான் வர வேண்டும். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு தையல்காரர் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"இந்த வீடு எத்தனை நாளாப் பூட்டியிருக்கு?"

மிஷின் நின்றது. "ரெண்டு நாளா சார்."

"உள்ளே மொத்தம் எத்தனை பேர்?" சாப்பாட்டு இலைக் கணக்குக்காகக் கேட்டேன்.

"நாலு பேர் சார்." எழுந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, யாருடைய ஜாக்கெட் துணியாலோ துடைத்துப் போட்டார். "உக்காருங்க சார். எங்கிருந்து வர்றீங்க?"

"விழுப்புரத்திலிருந்து."

நான் சொன்னது உண்மை. நாற்பது வருடமாக விழுப்புரத்தில்தான் குடியிருக்கிறேன். ஆனால் கலெக்டர் ஆபீஸ் இருப்பதும் விழுப்புரத்தில்தான். தெரு முழுக்கத் தலைகள் முளைத்தன.

எதிரே ஒரு தகரக் கொட்டகைக்குள் இட்லிக் கடை. வீட்டு வாசலையே கடையாக்கியிருந்தார் செல்வி என்ற பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கூப்பிட்டு உட்காரவைத்து நாலு இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் வைத்தார். வேர்க்கடலைச் சட்னி என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் பசிக்காது. மல்லாட்டை என்று சொல்ல வேண்டும். அந்தச் சட்னியைப் பற்றி மட்டும் எழுத இந்தப் பக்கத்தை ஆசிரியர் தருவாரானால் நன்றாக இருக்கும். மேலும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த முறை சாரதாவை அழைத்து வர வேண்டும் என்று நினைத்து, வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் பளிச்சென்று ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

செல்வி கரண்டியும் கையுமாகக் குனிந்து பார்த்தார்.

"சார், இது எங்க கடைங்களா?"

"ஆமாம்மா."

"பெருக்கல் போட்டிருக்கீங்களே…"

"குறிச்சு வெச்சிருக்கேன்."

அவர் முகம் மாறியது. அதற்குள் என்னைச் சுற்றிப் பதினைந்து பேர். கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார், "எங்க வூட்டுக்கு எத்தினி அடி சார் போவும்?"

அப்போதுதான் புரிந்தது.

எங்கள் மாவட்டத்தில் சாலையை அகலப்படுத்துகிறார்கள், புறவழிச்சாலை போடுகிறார்கள், பாலம் கட்டுகிறார்கள். கையில் காகிதத்தோடு ஒரு பேன்ட்காரர் தெருவில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தால் இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். அளக்க வந்திருக்கிறார். இடிக்கப் போகிறார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்திருக்க வேண்டும். மஞ்சள்பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துக் காட்டி, 'அட, நான் கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவன்ப்பா' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

செய்யவில்லை.

ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பதினான்கு வருடமாகிறது. பதினான்கு வருடமாக என்னிடம் யாரும் எதையும் விண்ணப்பித்ததில்லை. வீட்டில் மின்விசிறியின் வேகத்தைக்கூட என்னைக் கேட்டு வைப்பதில்லை. இங்கே பதினைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்!

"சார், எதிர் வாடையா எடுத்துக்கினு எங்க வாடைய வுட்டுடுங்க" என்றார் தையல்காரர்.

"யோவ், இன்னாய்யா பேசற? எதிர் வாடையில மனுசன் இல்லையா?" என்றது எதிர் வாடை வீட்டு வரிசை.

"எங்க வூட்ட மொத்தமா எடுத்துக்குங்க சார், நஷ்டஈடு குடுப்பாங்கல்ல?" என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைத் தனியாக அழைத்துப்போய், "நடுச்சுவருக்கு அந்தாண்ட எங்க அண்ணன் பங்கு சார். அத மட்டும் எடுத்துக்குங்க" என்று காதில் சொன்னார்.

கடைசியாகச் செல்வி. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். "சார், எங்க வூட்டுக்காரரு மூட்டை தூக்கறப்ப இடுப்பு ஒடிஞ்சு படுத்துக்கினு கீறாரு. இந்த ஆறடிக் கடைதான் எங்களுக்குச் சோறு. எதுனா பண்ண முடியாதுங்களா?"

அவரிடமாவது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. முப்பத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு நாளைக்குப் பத்து முறை சொன்ன சொல்.

"பார்ப்போம்."

எழுந்தேன். எல்லாரும் வழிவிட்டார்கள். வரைபடத்தை மடிக்க முயன்றேன்; மடியவில்லை. நாலு பேர் உதவிக்கு வந்து, மரியாதையாக மடித்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவில்லை.

சாரதாவிடம் "ஆறு வீடு முடிஞ்சது, ஒண்ணு பூட்டியிருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

ரிப்பேர் ஆகிப் போன் திரும்பி வந்தது. லேசாகப் பெருங்காயம் மணக்கும். மற்றபடி பழுதில்லை, ஒன்றைத் தவிர. யார் பேசினாலும் லவுட் ஸ்பீக்கரில்தான் பேசுவார்கள். மெதுவாக வைக்க அதற்குத் தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அதில் கதிரேசன் வந்தான். சாரதா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாமா, பத்திரிகை வெக்க வரப்போறீங்கன்னு கேள்விப்பட்டேன். இப்ப வராதீங்க மாமா. எங்க தெருவே பேஜாராக் கீது. ரோடு அகலம் பண்றாங்களாம். நாங்க ஊருல இல்லாத நாள்ல ஆபீசர் வந்து அளந்துக்கினு போயிட்டாராம்."

அப்போதாவது சொன்னேனா? இதை எழுதவே கை கூசுகிறது. நான் கேட்டது இது:

"ஆபீசர் எப்படி இருந்தாராம்?"

"பெரிய ஆளாம் மாமா! கறார்ப் பேர்வழி. ஒரு டீ வாங்கிக்கல. வெறும் இட்லிதான் துன்னாராம். கம்ப்யூட்டர் மேப்பு இல்லையாம், வெள்ளைக்காரன் காலத்து ஒரிஜினல் மேப்பாம். அதுல எவன் எவ்ளோ வளைச்சிருக்கான்னு எல்லாம் கீதாம். ஒரு கண்ண மூடிக்கினு பாத்தாலே அடி கணக்கு சொல்லிடுவாராம். வயசான ஆளு, வழுக்கை, கையில மஞ்சப்பை, காதுல சிவப்புப் பென்சிலு…"

கீரை ஆயும் சத்தம் நின்றது.

"எதுத்தாப்ல இட்லிக்கடை செல்வி அக்கா பாவம் மாமா. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குக் கடையப் பிரிக்க ஆள் சொல்லிட்டாங்க. ஜேசிபி வந்தா அடுப்பு மேடை, கிரைண்டரு, தகரம் எல்லாத்தையும் சேத்து நசுக்கிடுவான், நாமளே பிரிச்சா சாமானாவது மிஞ்சும்னு. அப்புறம் மல்லாட்டை புடுங்கப் போறாங்களாம், கூலிக்கு."

போனை வைத்தேன். சாரதா என் காதைப் பார்த்தாள். பென்சில் அங்கேயே இருந்தது.

"நீங்கதானே?"

"ம்."

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாழக்கிழமை மதியம் கிணற்றடித் தெருவுக்குள் நுழைந்தோம். முதலில் தெரு மாறிவிட்டதோ என்று நினைத்தேன். எவ்வளவு அகலம்! பிறகுதான் கவனித்தேன். எந்த வீட்டுக்கும் படி இல்லை. அத்தனை வீட்டுக்காரர்களும் அவரவர் படியை அவரவரே இடித்துத் தள்ளியிருந்தார்கள். வாசல்கள் எல்லாம் மூன்றடி உயரத்தில் அந்தரத்தில் நின்றன. ஒரு பெண் தண்ணீர்க் குடத்தை முதலில் உள்ளே ஏற்றிவிட்டு, பின்னால் தானும் எம்பி ஏறினார். தையல்காரர் ஒரு முக்காலியைப் போட்டு இறங்கிவந்தார். ஒரு வீட்டில் பாட்டியைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் யாரையும் இடிக்கச் சொல்லவில்லை. நான் ஓர் அடிகூடக் கணக்கு சொல்லவில்லை. ஆனால் தெருவுக்குள் தன் வீடு எத்தனை அங்குலம் வந்திருக்கிறது என்பது ஒவ்வொருவருக்கும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. நம் எல்லாருக்குமே அந்தக் கணக்கு தெரியும், இல்லையா? யாராவது காகிதத்தோடு வந்து நிற்கிறவரைக்கும் தெரியாததுபோல் இருப்போம்.

"சார் வந்துட்டாரு! மேடமும் வந்திருக்காங்கோ!" என்று குரல் எழுந்தது. நாற்காலிகள் வந்தன. இந்த முறை இரண்டு.

நான் உட்காரவில்லை. தெரு நடுவில் நின்று சொன்னேன். "நான் ஆபீசர் இல்லை. ரோடு அகலப்படுத்த யாரும் வரப்போவதில்லை. நான் ரிட்டயர் ஆனவன். தப்பு என்னுடையது. மன்னிச்சிடுங்க."

தையல்காரர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேலருந்து பிரஷருங்களா சார்?"

"இல்லைய்யா, நிஜமாகவே…"

"இப்டித்தான் சொல்வாங்க. சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை விடிகாலையில ஜேசிபியோட வந்துடுவாங்க, கோர்ட்டுக்குப் போவ முடியாத மாதிரி" என்றார் இன்னொருவர், தெரிந்தவர்போல.

சட்டென்று பத்திரிகையை எடுத்து நீட்டினேன். "பாருங்க, என் மகன் கல்யாணப் பத்திரிகை. இதைக் குடுக்கத்தான் அன்னிக்கு வந்தேன்."

தையல்காரர் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது. "புரிஞ்சுபோச்சு சார்" என்றார். "தெரு சார்பா மொய் நல்லாவே செஞ்சிடலாம்."

ஐயோ!

கதிரேசனைக் கூப்பிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து தரையில் குதித்து ஓடிவந்தான். என்னைப் பார்த்தான், என் மஞ்சள்பையைப் பார்த்தான், வாய் பிளந்தது. "இவரு எங்க மாமா" என்றான் பலவீனமாக.

அவ்வளவுதான். "யோவ் கதிரேசா, உங்க மாமாவா? இத்தினி நாளா வாயத் தொறக்கலையே நீ! ஊருக்கெல்லாம் படிய இடிக்கச் சொல்லிட்டு…" அவன் இடிக்கச் சொல்லவில்லை. அவனும் தன் படியை இடித்திருந்தான். அதை யார் கேட்கிறார்கள்?

செல்வியின் கடையில் அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக எழுந்தார்.

"சார், நீங்க சொல்றது நெசமா?"

"நிஜம்மா."

"அன்னிக்கும் நீங்க பொய் சொல்லல. எதுவுமே சொல்லல. இன்னிக்கு எப்டி நம்பறது? திருவாமாத்தூர் வட்டப்பாறையில வந்து சத்தியம் பண்ணுங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆள் வருவான். அதுக்குள்ள பண்ணுங்க. பண்ணிட்டா நான் நம்பறேன். இல்லாட்டி பிரிச்சிடறேன்."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். திருவாமாத்தூர் கோயிலில் வட்டப்பாறை என்று ஒரு கல் இருக்கிறது. அதன்மேல் கைவைத்துப் பொய் சொன்னவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வரப்புத் தகராறு, நகை காணாமல் போனது, பங்காளிச் சண்டை… ஸ்டேஷனில் முடியாதது இங்கே முடியும். எத்தனையோ பேர் கோர்ட்டில் துணிந்து சொன்னதை அந்தக் கல்லின் முன்னால் சொல்லாமல் திரும்பியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் சாரதாவும் அங்கே இருந்தோம். 'சின்ன யானை' என்கிற குட்டி லாரி ஒன்றில் கிணற்றடித் தெரு வந்து இறங்கியது. பன்னிரண்டு பேர். வாசலில் பூ விற்ற அம்மாள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இன்னா வழக்கு? நெலமா, நகையா?"

"இவரு ஆபீசர் இல்லைன்னு சத்தியம் பண்ண வந்துகிறாரு" என்றார் தையல்காரர்.

அந்த அம்மாள் பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தாலே தெரியுதே. இதுக்கு எதுக்குச் சத்தியம்?"

கல்லில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. எம்.ஏ. படித்தவன் நான், இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன்.

செல்வி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன்.

"நான் ஆபீசர் இல்ல."

"நான் ஆபீசர் இல்லை."

"எனக்கு எந்த அதிகாரமும் கெடையாது."

"எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது."

"எந்த ஆபீசுலயும் ஆள் கெடையாதுன்னும் சேத்துக்கம்மா" என்றார் தையல்காரர், முன்ஜாக்கிரதையாக.

"எந்த அலுவலகத்திலும் எனக்கு ஆள் கிடையாது."

"நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

இங்கே கொஞ்சம் தடுமாறினேன். பின்னாலிருந்து சாரதாவின் குரல் வந்தது. "இதுல இன்னாங்க சந்தேகம்? தைரியமாச் சொல்லுங்க."

சொன்னேன். கையை எடுக்கப் போனேன்.

"கைய எடுக்காதீங்க சார்" என்றார் செல்வி. "அந்தப் பெருக்கல் குறி எதுக்குப் போட்டீங்க?"

"இட்லி நல்லா இருந்தது. அடுத்த முறை வழி தெரிய வேண்டும் என்று போட்டேன்."

"அப்ப அன்னிக்கே ஏன் சார் அதச் சொல்லல? நான் அழுவாத கொறையா கேட்டுக்கினு நின்னேனே?"

பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ காரணம் சொல்லியிருக்கலாம். குழப்பம், வெயில், வயது… ஆனால் கை கல்லின் மேல் இருக்கிறதே!

"நீங்கள் எல்லாரும் எனக்காக எழுந்து நின்றீர்கள்" என்றேன். "எனக்காக யாராவது எழுந்து நின்று ரொம்ப வருஷமாச்சும்மா. சொன்னால் உட்கார்ந்துவிடுவீர்களே என்று சொல்லவில்லை."

சாரதா தலையைக் குனிந்துகொண்டாள். தையல்காரர் எங்கோ பார்த்தார்.

செல்வி திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"இட்லிக் கடையில நான் என்னைக்கு சார் ஒக்காந்தேன்?" என்றார். "அஞ்சு ரூபாய்க்கு ஒரு வடை வாங்க வர்றவனுக்கும் நின்னுக்கினுதான் குடுக்கறேன். அதுக்காடா ஒரு மனுசன் இந்த வேலை செய்வான்!"

'டா' என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்கு நான் தகுதியானவன்தான் என்று சொன்னேன். கை இன்னும் கல்லின்மேல்தான் இருந்தது.

அங்கேயே போனை எடுத்துப் பேசினார். "வராதண்ணே… ஆமா, பிரிக்க வேணாம்… ஒண்ணும் இல்ல, ஒரு பெரியவரு வழி தெரியாம வந்துட்டாராம்." வைத்துவிட்டு வண்டியைப் பார்த்து, "ஜல்தியா ஏறுங்க, மாவு பொங்கி வழிஞ்சிக்கினு இருக்கும்" என்றார்.

படிகள் இருக்கின்றனவே? அது என் பொறுப்பு என்று சொன்னேன். கல்யாணச் செலவோடு செலவாக, ஒரு கொத்தனாரைப் பிடித்து, அடுத்த பத்து நாள் கிணற்றடித் தெருவிலேயே இருந்து, பத்தொன்பது வீட்டுக்கும் படி கட்டி முடித்தேன். கல் எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றினேன். யாரும் எனக்கு நாற்காலி போடவில்லை. பாட்டியை இறக்கும்போது நானும் ஒரு கை பிடித்தேன்.

நேற்று வேலை முடிந்தது. தெருமுனையில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு படியும் பழையதைவிட அரை அடி கூடுதலாகத் தெருவுக்குள் வந்திருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் எந்த அதிகாரமும் கிடையாதே… சத்தியமே செய்திருக்கிறேன்!